ஒரு பக்க நுரையீரல் நன்றாக இருந்தும் ஆக்சிஜன் ஏன் இறங்குகிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. நீண்ட காலம் புகைபிடித்தவர். சில ஆண்டுகளாக சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்க்கு இன்ஹேலர் எடுத்துவருகிறார். போன வாரம் நிமோனியா வந்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி மட்டும் வெள்ளையாக இருக்கிறது, இடது பக்கம் தெளிவாக இருக்கிறது என்கிறார்கள். ஆனாலும் ஆக்சிஜன் வைக்காமல் ஆக்சிமீட்டர் 84 சதவீதம்தான் காட்டுகிறது. மூக்குக் குழாயில் 2 லிட்டர் வைத்தால் 90. வலப்பக்கம் புரண்டால் 86க்கு இறங்குகிறது, இடப்பக்கம் படுத்தால் 92. ரத்த வாயுப் பரிசோதனையில் கரியமில வாயு 50 என்று வந்தது. “காற்றோட்டமும் ரத்த ஓட்டமும் பொருந்தவில்லை” என்று டாக்டர் சொன்னார். ஒரு பக்கம் நன்றாக இருக்கும்போது அது ஏன் ஈடுகட்டக் கூடாது? நாங்கள் ஆக்சிஜனைக் கூட்டினால் நர்ஸ் வந்து குறைத்துவிடுகிறார், ஏன்? கோவிட் காலத்தில் செய்ததுபோலக் குப்புறப் படுக்கவைக்கலாமா?

பதில்: நல்ல பகுதி வழியாகப் போகும் ரத்தம் ஏற்கெனவே ஆக்சிஜனால் நிரம்பித்தான் வெளியே வருகிறது. அதற்கு மேல் ஏற்ற இடமில்லை. ஆகவே அந்தப் பகுதி எவ்வளவு கடுமையாக உழைத்தாலும், கெட்ட பகுதி வழியாக வெறுங்கையோடு திரும்பும் ரத்தத்தின் குறையை அதனால் தீர்க்க முடியாது. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை இதிலிருந்துதான் தொடங்குகிறது. கொஞ்சம் கணக்கோடு பார்த்தால் படுக்கை நிலை ஏன் இத்தனை முக்கியம் என்பது தெளிவாகும்.

ஓய்வில் இருக்கும் ஒருவர் ஒரு மூச்சில் ஏறக்குறைய 500 மி.லி. காற்றை இழுக்கிறார். அதில் 150 மி.லி. மூச்சுக்குழாய்களிலேயே தங்கிவிடும். மீதி 350 மி.லி. மட்டுமே ரத்தத்தோடு வாயுப் பரிமாற்றம் நடக்கும் காற்று நுண்ணறைகளை எட்டும். நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் 4.2 லிட்டர். அதே நிமிடத்தில் இதயம் நுரையீரலுக்குள் அனுப்பும் ரத்தம் சுமார் 5 லிட்டர். காற்றை ரத்தத்தால் வகுத்தால் 0.8 சொச்சம் வரும். இதைத்தான் மருத்துவர்கள் வி-க்யூ விகிதம் என்கிறோம் (வி என்பது காற்றோட்டம், க்யூ என்பது ரத்த ஓட்டம்). மொத்தத்தில் விகிதம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. காற்று முழுவதும் இடது நுரையீரலுக்கும் ரத்தம் முழுவதும் வலது நுரையீரலுக்கும் போனால்கூட மொத்தக் கணக்கு 0.8தான் வரும், ஆனால் ஆள் பிழைக்கமாட்டார். கோடிக்கணக்கான நுண்ணறைகள் ஒவ்வொன்றின் வாசலிலும் காற்றும் ரத்தமும் தக்க அளவில் சந்திக்க வேண்டும்.

நலமாக இருப்பவருக்கும் இந்தச் சந்திப்பு எல்லா இடத்திலும் ஒரேமாதிரி நடப்பதில்லை. நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 15 மி.மீ. பாதரசம்தான். உடலின் மற்ற தமனிகளில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் நுரையீரலின் உயரம் ஏறக்குறைய 30 செ.மீ. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ரத்தம் உச்சிவரை ஏறச் சிரமப்படும், அடியில் தாராளமாக ஓடும். காற்றும் அடிப்பகுதிக்குத்தான் அதிகம் போகிறது, ஆனால் மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் ரத்தத்தில்தான் பெரிது. அதனால் உச்சியில் விகிதம் 3ஐ ஒட்டியும், அடியில் 0.6ஐ ஒட்டியும் இருக்கும். உங்கள் அப்பாவுக்கு நோய் பிடித்திருப்பது ரத்தம் அதிகமாகப் பாயும் கீழ்ப்பகுதியை என்பதைக் கவனியுங்கள். இதே அளவு நிமோனியா உச்சியில் வந்திருந்தால், உட்கார்ந்திருக்கும் நேரத்திலாவது இழப்பு குறைவாக இருந்திருக்கும்.

இனி கணக்கு. 100 மி.லி. ரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால், ஒரு லிட்டர் ரத்தம் ஏறத்தாழ 200 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். உடல் நிமிடத்துக்கு 250 மி.லி. எடுத்துக்கொள்கிறது. 5 லிட்டர் ரத்தத்தில் பங்கிட்டால் லிட்டருக்கு 50 மி.லி., அதாவது 25 சதவீதம். எனவே 98 சதவீதத்தோடு போன ரத்தம் 73 சதவீதத்தோடு இதயத்துக்குத் திரும்பும்.

சீழும் நீரும் நிறைந்த வலது கீழ்மடலுக்கு, அதாவது வலது நுரையீரலின் கீழ்ப்பகுதிக்கு, காற்றே போகவில்லை, ஆனால் மொத்த ரத்தத்தில் கால் பங்கு அதன் வழியே ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முக்கால் பங்கு ரத்தம் 98 சதவீதத்தோடு வரும். கால் பங்கு, போனபடியே திரும்பும். இரண்டும் இதயத்தின் இடப்பக்கத்தில் கலக்கும். கலந்த ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதால், உடலைச் சுற்றித் திரும்பிவரும் ரத்தத்திலும் அது இன்னும் குறைந்திருக்கும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் தமனி ரத்தம் 90 சதவீதத்தில் போய் நிற்கிறது. இப்போது நல்ல பகுதி இரட்டிப்பு மூச்சு வாங்கட்டும். அதன் ரத்தம் 98லிருந்து 99 ஆகும், அவ்வளவுதான். கலப்பிலும் ஒரு சதவீதத்துக்கு மேல் ஏறாது. அதே நேரம், கெட்ட மடல் வழியே ஓடும் ரத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் தமனி ரத்தம் 94க்கு மேல் போய்விடும். காற்றைக் கூட்டுவதைவிட, ரத்தத்தைச் சரியான இடத்துக்குத் திருப்புவதில்தான் பலன் இருக்கிறது.

அதே கால் பங்கு இழப்போடு ஹீமோகுளோபின் 10 கிராமாக இருந்தால், இதயம் கூடுதலாக ஓடி ஈடுகட்டாதவரை, அளவு 86க்குக் கீழே இறங்கும். காய்ச்சல் ஏறினாலும் உடலின் தேவை கூடி இதே விளைவுதான். எக்ஸ்ரே மாறாமலே ஒரு மாலையில் ஆக்சிஜன் இறங்குகிறது என்றால், காய்ச்சலையும் ரத்தசோகையையும் முதலில் பாருங்கள். பலரும் இதைத் தவறவிடுகிறார்கள்.

கரியமில வாயுவின் நடத்தை வேறு. அதற்கு நிரம்பும் எல்லை என்று ஒன்று குறுக்கே நிற்பதில்லை. நல்ல பகுதி அதிகமாக மூச்சு வாங்கினால் அங்கிருந்து அதிகமான கரியமில வாயு வெளியேறி, கெட்ட பகுதி தேக்கியதற்கு ஈடாகிவிடும். அதனால் முன்பு நலமாக இருந்த ஒருவருக்கு நிமோனியா வந்தால் ஆக்சிஜன் குறையும், கரியமில வாயு 40க்குக் கீழே போகும். உங்கள் அப்பாவுக்கு 50 இருக்கிறது. இயல்பான எல்லை 35 முதல் 45 மி.மீ. பாதரசம். அப்படியானால் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பகுதியும் உண்மையில் முழு நலத்தோடு இல்லை. சிஓபிடியில் சில இடங்களில் சுவர் சிதைந்து காற்று வீணே போய்வரும், சில இடங்களில் குறுகிய குழாய்களால் காற்று குறையும். எக்ஸ்ரே இந்தக் குறையை நன்றாகக் காட்டாது. ஈடுகட்ட வேண்டிய பகுதிக்கே கையிருப்பு குறைவு. டாக்டரும் நர்ஸும் இத்தனை கவனமாக இருப்பதன் காரணம் இதுதான்.

உடலே இந்தக் குளறுபடியைச் சரிசெய்யும் ஒரு வழியை வைத்திருக்கிறது. ஒரு நுண்ணறையில் ஆக்சிஜன் குறைந்தால், அதற்கு ரத்தம் கொண்டுவரும் சிறு தமனி சுருங்கிவிடும். பயிர் இல்லாத வயலின் மடையை அடைத்துத் தண்ணீரைப் பக்கத்து வயலுக்குத் திருப்புவது போன்ற வேலை இது. 1946இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் ஊல்ஃப் வான் ஆய்லரும் கோரன் லில்யஸ்ட்ராண்டும் பூனைகளில் இதை எடுத்துக்காட்டினார்கள். உடலின் மற்ற இடங்களில் ஆக்சிஜன் குறைந்தால் ரத்தக்குழாய் விரியும், நுரையீரலில் மட்டும் சுருங்கும். தமனிச் சுவரின் தசைச் செல்களில் பொட்டாசியம் வெளியேறும் வழிகள் மூடி, கால்சியம் உள்ளே புகுந்து, தசை இறுகுகிறது. இந்த மாற்றம் சில நொடிகளில் தொடங்கி, சில நிமிடங்களில் வலுப்பெறும்.

நிமோனியாவில் இந்த மடை அரைகுறையாகத்தான் அடைபடுகிறது. அழற்சியால் அந்த மடலில் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடும் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்களும் ரத்தக்குழாயை விரித்தே வைக்கப் பார்க்கின்றன. சில மருந்துகளும் சுருக்கத்தைத் தளர்த்தும்: நைட்ரோகிளிசரின், நிஃபெடிபின் போன்ற கால்சியம் தடுப்பு மாத்திரைகள் அவற்றில் சில. அப்பா ரத்த அழுத்தத்துக்கோ நெஞ்சுவலிக்கோ இவற்றை எடுத்துவந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்துவதால் வரும் ஆபத்து பெரும்பாலும் இதைவிடப் பெரியது. நெபுலைசரில் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்து கொடுத்த சில நிமிடங்களுக்கு ஆக்சிஜன் ஓரிரு புள்ளி இறங்குவதும் இதே காரணத்தால்தான். மூச்சுக்குழாய் திறப்பதற்குள் ரத்தக்குழாய் விரிந்துவிடுகிறது. பதற வேண்டாம், பெரும்பாலும் தானே ஏறிவிடும்.

மடை சரியாக அடைபடாதபோது நம் கையில் இருக்கும் வலுவான கருவி புவியீர்ப்பு. ஒருக்களித்துப் படுத்தால் எந்த நுரையீரல் கீழே இருக்கிறதோ அதற்கு ரத்தம் அதிகம் போகும். தானாக மூச்சுவிடும் பெரியவர்களில் காற்றும் கீழ்ப்பக்கத்துக்குத்தான் அதிகம் போகிறது. அந்தப் பக்கத்து உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நன்றாக நீண்டிருப்பதால் பலமாகச் சுருங்குகிறது. எனவே நல்ல பக்கம் கீழே இருந்தால் அதிக ரத்தமும் அதிக காற்றும் ஒரே இடத்தில் சேரும். கெட்ட பக்கம் கீழே போனால் ரத்தம் காற்றில்லாத இடத்தில் குவியும். இடப்பக்கம் 92, வலப்பக்கம் 86 என்று நீங்கள் குறித்துவைத்தது தற்செயலல்ல. அந்தக் குறிப்பை வார்டு டாக்டரிடம் அப்படியே காட்டுங்கள். அது உண்மையிலேயே பயனுள்ள தகவல்.

இடப்பக்கம் படுக்கவைக்கும்போது படுக்கையின் தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்துங்கள். முதுகுக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு தலையணை, வலது கைக்கு அடியில் ஒன்று, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. வயிறு அழுந்தக் கூடாது, ஏனென்றால் உதரவிதானம் இறங்க இடம் வேண்டும். ஆக்சிமீட்டரை மேலே இருக்கும் வலது கை விரலில் மாட்டுங்கள். உடலுக்கு அடியில் நசுங்கும் கையில் மாட்டினால் ரத்த ஓட்டம் குறைந்து தவறான எண் வரும். குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் அளவைக் கெடுக்கும். நிலை மாற்றியவுடன் வரும் எண்ணைக் கணக்கில் எடுக்காமல், 10 முதல் 15 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் படுக்கைப்புண் வரும், நல்ல பக்கத்து அடிப்பகுதியும் அழுந்தத் தொடங்கும். எனவே இடப்பக்கத்தையும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவதையும் மாற்றி மாற்றி வையுங்கள்.

தட்டையாக மல்லாந்து படுப்பதைக் கூடியவரை தவிர்க்கச் சொல்வேன். மூச்சை இயல்பாக வெளிவிட்டபின் நுரையீரலில் மிஞ்சும் காற்று, மல்லாந்து படுத்தவுடன் ஒரு லிட்டரை நெருங்கும் அளவு குறைந்துவிடும். வயது ஏற ஏற அடியில் உள்ள சிறு மூச்சுக்குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்கின்றன. 45 வயதை ஒட்டி மல்லாந்து படுக்கும்போதும், 65ஐ ஒட்டி உட்கார்ந்திருக்கும்போதுமே இயல்பான மூச்சில் சில குழாய்கள் மூடத் தொடங்கும். 67 வயதில், சளியோடு, தட்டையாகப் படுத்தால் நல்ல நுரையீரலின் முதுகுப்பக்கமும் காற்றை இழக்கும்.

நல்ல பக்கம் கீழே என்ற விதிக்கு விலக்குகள் உண்டு, அவற்றை மறக்கக் கூடாது. இருமலில் ரத்தம் அதிகமாக வந்தாலோ, நுரையீரலில் சீழ்க்கட்டி இருந்தாலோ கெட்ட பக்கத்தைத்தான் கீழே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தமும் சீழும் வழிந்து நல்ல பக்கத்தையும் நிரப்பிவிடும். கைக்குழந்தைகளுக்கும் விதி தலைகீழ். மென்மையான மார்புக்கூட்டில் கீழ்ப்பக்கம் அழுந்திப் போவதால் மேல்பக்கத்துக்கே காற்று அதிகம் போகிறது. உங்கள் அப்பாவுக்கு இப்படி எதுவும் இல்லை என்பதை ஒருமுறை டாக்டரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து ஆக்சிஜன். காற்று கொஞ்சமாவது போகும் இடங்களில், கொடுக்கும் ஆக்சிஜன் நன்றாக உதவும். உள்ளே போகும் சிறிதளவு காற்று செறிவாக இருந்தால் ரத்தம் நிரம்பிவிடும். காற்றே போகாத இடத்துக்கு ஆக்சிஜனும் போகாது. அங்கே நல்ல பகுதியின் ரத்தத்தில் கூடுதலாகக் கரையும் ஆக்சிஜனை மட்டுமே நம்ப வேண்டும், அது சுத்த ஆக்சிஜனிலும் லிட்டருக்குச் சுமார் 20 மி.லி.தான். ரத்தத்தில் பாதி காற்றில்லாத பகுதி வழியே ஓடினால் 100 சதவீத ஆக்சிஜனிலும் 85ஐத் தாண்டுவது கடினம். உங்கள் அப்பாவுக்கு 2 லிட்டரிலேயே 84லிருந்து 90க்கு ஏறியிருப்பதால், காற்று குறைவாகப் போகும் இடங்களின் பங்கு கணிசமாக இருக்கிறது என்று தெரிகிறது. அது நல்ல செய்தி.

அப்படியானால் ஏன் இன்னும் கூட்டக் கூடாது? சிஓபிடி நுரையீரலில் அந்தச் சிறு தமனிகளின் சுருக்கம்தான் ரத்தத்தைக் காற்றுள்ள இடத்துக்குத் திருப்பி வைத்திருக்கிறது. ஆக்சிஜனை அளவுக்கு மேல் கொடுத்தால், காற்றோட்டம் மோசமான நுண்ணறையிலும் ஆக்சிஜன் நிறைந்து, தமனி விரிந்து, ரத்தம் அங்கே திரும்பிவிடும். அங்கே ஆக்சிஜன் கிடைக்கும், ஆனால் கரியமில வாயு வெளியேற வழியில்லை. கூடவே, ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபின் தான் சுமந்த கரியமில வாயுவைக் கைவிடுவதாலும் ரத்தத்தில் அதன் அழுத்தம் உயரும். மூச்சின் உந்துதல் குறைவதும் ஒரு காரணம், ஆனால் பலர் நினைப்பதுபோல அதுவே முழுக் காரணம் அல்ல. இத்தகைய நோயாளிகளுக்கு இலக்கு 88 முதல் 92. அதற்குள் இருந்தால் திசுக்களுக்குத் தேவையானது கிடைத்துவிடும். 96 காட்டினால் வீட்டாருக்கு ஆறுதலாக இருக்கும், அப்பாவுக்கு ஆபத்தாக இருக்கலாம். இடப்பக்கம் திருப்பி 92ஐத் தாண்டினால் நர்ஸ் ஓட்டத்தைக் குறைப்பது சரியான செயல். குறைந்த ஆக்சிஜனில் அதே அளவு கிடைப்பதுதான் முன்னேற்றம்.

நீங்களாகக் குமிழைத் திருகாதீர்கள் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அதிக ஆக்சிஜனில் கரியமில வாயு ஏறிய ஒருவருக்குச் சட்டென்று ஆக்சிஜனை எடுத்துவிட்டால், நுண்ணறையில் அந்தக் கூடுதல் கரியமில வாயு இடத்தைப் பிடித்திருப்பதால், ஆக்சிஜன் தொடக்கத்தில் இருந்ததைவிடவும் கீழே போகும். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். நெபுலைசரிலும் ஒரு கேள்வி கேளுங்கள். அதை ஆக்சிஜனால் இயக்கினால் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் போகும். இவரைப் போன்றவர்களுக்கு அழுத்தக் காற்றால் இயக்கி, மூக்குக் குழாயில் வழக்கமான 2 லிட்டரைத் தொடர்வது நல்லது. ஆக்சிஜன் அளவு கூடக்குறைய இல்லாமல் திட்டமாக வேண்டுமென்றால் 24 அல்லது 28 சதவீத வெஞ்சுரி மாஸ்க் கேட்கலாம்.

குப்புறப் படுப்பது பற்றி: இரண்டு நுரையீரலும் முதுகுப்பக்கம் சரிந்து மூடிய கடுமையான நோயில், வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு அது உயிர் காக்கும். 2013இல் வெளியான ப்ரோசேவா ஆய்வில், ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்கவைத்தவர்களில் 28 நாள் இறப்பு 16 சதவீதம், மல்லாந்து இருந்தவர்களில் 32.8 சதவீதம். குப்புறப் படுத்தாலும் முதுகுப்பக்கத்துக்கு ரத்தம் தாராளமாக ஓடிக்கொண்டே இருக்கும். இதயத்தின் பாரமும் வயிற்றின் அழுத்தமும் நீங்கி அந்தப் பகுதி திறந்து காற்றும் வந்து சேரும். ஆனால் ஒரு மடல் மட்டும் பாதிக்கப்பட்ட, தானாக மூச்சுவிடும் உங்கள் அப்பாவுக்கு இடப்பக்கமாகப் படுப்பதே போதும். குப்புறப் படுத்தால் சாப்பிடுவதும் சளி துப்புவதும் அவருக்குத் தொல்லையாகிவிடும். சளி வெளியே வந்தால்தான் மூடிய மடல் திறக்கும். மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் இருந்தால், ஆழமாக மூச்சிழுத்துச் சில நொடி நிறுத்தி, வாய்திறந்து ‘ஹா’ என்று ஊதித் தள்ளும் முறையைப் பழக்கச் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கப் பிசகு ஒன்றையும் நினைவில் வையுங்கள்: காற்று போகிறது, ரத்தம் போகவில்லை. நாள்கணக்கில் படுத்திருப்பவரின் கால் சிரையில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரல் தமனியை அடைத்தால் இது நேரும். நிமோனியா தேறிவரும் நேரத்தில் திடீரென மூச்சு வாங்கி, ஆக்சிஜன் இறங்கி, எக்ஸ்ரே மட்டும் மோசமாகாமல் இருந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். சிடி ஆஞ்சியோகிராம் அல்லது வி-க்யூ ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். அந்த ஸ்கேனில் ரத்தப் படத்தில் ஓட்டை தெரியும், காற்றுப் படத்தில் அதே இடம் நிறைந்திருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணைவிட ஆளைப் பாருங்கள். நிமிடத்துக்கு 30 மூச்சுக்கு மேல் போனால், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லத் திணறினால், உதடு நீலமானால் உடனே அழையுங்கள். ஆக்சிமீட்டர் 91 காட்டும்போதே அசதியாகத் தூங்கிவழிந்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, தலைவலி என்றாலோ, நீட்டிய கைகள் படபடவென்று உதறினாலோ கரியமில வாயு ஏறுகிறது என்று கொள்ள வேண்டும். ஆக்சிமீட்டருக்கு அதைக் காட்டத் தெரியாது. உடனே மறுபடி ரத்த வாயுப் பரிசோதனை வேண்டும்.

வீடு திரும்பியபின் எக்ஸ்ரே வெள்ளை உடனே மறையவில்லை என்று கவலைப்படாதீர்கள். உடல் தேறிய பிறகும் அது பல வாரம் நிற்கும். ஆனால் 50 வயதைத் தாண்டிய, புகைபிடித்த ஒருவருக்கு ஆறு வாரம் கழித்து ஓர் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். அப்போதும் அதே இடத்தில் நிழல் நின்றால், மூச்சுக்குழாயை ஏதேனும் ஒரு கட்டி அடைத்திருக்கிறதா என்று சிடி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.